ஆப்பிரிக்கப் புகழ்ப்பாட்டு வெறும் முகத்துதியா? – விவாத இழை

பிப்ரவரி 3, காலை

வாசகர் கேள்வி: மாலி நாட்டுக் கல்யாண வீடியோக்களில் ஒரு பெண் பாடுகிறார், சுற்றி நிற்பவர்கள் நோட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டில் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தென்னாப்பிரிக்காவிலோ விலங்குத் தோல் போர்த்திய ஒருவர் தலைவருக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் முழங்குகிறார். இரண்டையுமே புகழ்ப்பாடல் என்கிறார்கள். காசும் பதவியும் உள்ளவனைத் தூக்கிப் பேசுவதுதானே இது? இதில் கலை எங்கே?

பிப்ரவரி 3, இரவு

இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் எதுவுமே புரியாது. மேற்கே மாலி, கினி, காம்பியா, செனகல், கினி-பிசாவு பகுதியில் மாண்டே மக்களிடம் இருப்பது பிறப்பால் வரும் தொழில். பாடுபவர் ஜெலி, காம்பியாப் பக்கம் ஜாலி என்பார்கள். வாத்தியம் உண்டு, சன்மானம் உண்டு. தெற்கே ஜூலு, கோசா மக்களிடம் இருப்பவர் இம்போங்கி. அவருக்குப் பரம்பரை கட்டாயமில்லை, வாத்தியமும் கிடையாது. திறமை இருந்து, மக்கள் ஏற்றுக்கொண்டால் அவர் இம்போங்கி.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று. பாடுபவர் இல்லாததைப் புகுத்திப் பாடினால் அங்கே எடுபடாது. வம்சப் பெயர், அடைமொழி, பாட்டன் செய்த காரியம் எல்லாம் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த சரக்கு. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். தப்பினால் உடனே தெரிந்துவிடும். முகத்துதிக்கு இந்தக் காவல் கிடையாது.

பிப்ரவரி 4

மாண்டே பாட்டில் பெயர்களே ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு வருகிறேன்.

அங்கே ஒருவரின் குடும்பப் பெயருக்கு ஜாமு என்று பெயர். கெய்ட்டா, ட்ராவோரே, கூலிபாலி, ஜாரா, கோனே மாதிரி. ஒவ்வொரு ஜாமுவுக்கும் பின்னால் ஒரு முன்னோர், அவர் செய்த செயல், அதைச் சொல்லும் புகழ்வரிகள் உண்டு. புகழ்வரிக்கு ஃபாசா என்று பெயர். பாடகி 'கெய்ட்டா' என்று நீட்டி அழைத்த மாத்திரத்தில், எதிரே நிற்கும் துணி வியாபாரி 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்ஜாட்டா கெய்ட்டாவின் வாரிசாக நிறுத்தப்படுகிறார். 'ட்ராவோரே' என்றால் சுந்ஜாட்டாவின் படைத்தலைவர் திராமகான் வந்து நிற்பார்.

இப்போது கவனியுங்கள். அந்த வியாபாரி நல்லவர், வல்லவர் என்று பாடகி எங்கும் சொல்லவில்லை. அவருடைய முன்னோர் எப்படிப்பட்டவர் என்றுதான் சொல்கிறார். அந்த அளவுக்கு நீ இருக்கிறாயா என்ற கேள்வி ஊரார் முன்னிலையில் அவர் தலைமேல் நிற்கிறது. கை நீட்டிக் கொடுக்காமல், அல்லது கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல், அவர் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது. பாட்டைக் கேட்டுச் சிலர் நடுங்குவதையும் கண் கலங்குவதையும் பார்க்கலாம். போருக்குப் போகும் முன் ஜெலியைப் பாடச் சொன்னது இந்த நடுக்கத்துக்காகத்தான்.

வரிசையும் ஏறக்குறைய நிலையானது: இறைவனுக்கும் அவைக்கும் வணக்கம், பிறகு ஜாமு, பிறகு முன்னோர் வரிசை, பிறகு தாய்வழி, அதற்கப்புறம்தான் நேரில் இருப்பவரின் பெயர். நேரடியாக ஆளின் பெயரில் தொடங்கினால் அவசரக்காரர் என்று பொருள். காசுக்காகத் தெருவில் பிடித்துப் பாடுபவர்களிடம் இந்த அவசரத்தைக் காணலாம்.

பிப்ரவரி 4, பிற்பகல்

'யார் வேண்டுமானாலும் பாடலாமா?' என்று கேட்டவருக்கு: மரபில் இல்லை. கூயாட்டே, ஜபாட்டே (காம்பியாவில் ஜொபார்ட்டே), சிசோக்கோ, சூசோ, கமிசோக்கோ போன்ற ஜெலிக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கே அந்த உரிமை. கூயாட்டேக்கள் கெய்ட்டாக்களின் ஜெலிகள். சுந்ஜாட்டாவின் ஜெலி பல்லா ஃபாசெக்கே கூயாட்டே வழி வந்தவர்கள். புகழப்படும் தரப்பான ஹோரோன், அதாவது சுதந்திரக் குடியினர், தன்னைத் தானே உயர்த்திப் பேசுவதும் அவையில் குரல் உயர்த்துவதும் இழுக்கு. தலைவர் தாழ்ந்த குரலில் சொல்வார், ஜெலி அதை உரக்க எடுத்துச் சொல்வார். பெண் கேட்டுப் போவதும், கோலாக் கொட்டை கொண்டு போவதும், சண்டை தீர்ப்பதும் ஜெலியின் வேலைகளே. பாட்டு அதில் ஒரு பங்கு.

உலகம் அறிந்த சாலிஃப் கெய்ட்டா பாடகரானபோது வீட்டில் எதிர்ப்பு வந்ததற்குக் காரணம் இதுதான். அவர் ஜாமு பாடப்படும் ஜாமு. பாடும் ஜாமு இல்லை.

பிப்ரவரி 6

இசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் அது தெரியாமல் மேலே போக முடியாது.

ஜெலிகள் மீட்டும் நரம்பு வாத்தியமான கோராவில் 21 நரம்புகள். பெரிய சுரைக்குடுவையைப் பாதியாக வெட்டி, நனைத்த மாட்டுத்தோலை மேலே இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். குடுவையை ஊடுருவி நீண்ட மரக்கழுத்து. தோலின் மேல் செங்குத்தாக நிற்கும் குதிரையின் (நரம்புகளைத் தாங்கும் கட்டை) இரு ஓரங்களிலும் வெட்டுகள்: இடக்கைக்கு 11 நரம்பு, வலக்கைக்கு 10. அடுத்தடுத்த சுரங்கள் பெரும்பாலும் இடம் வலமாக மாறி மாறி வரும். வாசிப்பது இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல் மட்டும். மற்ற விரல்கள் இரண்டு கைப்பிடிக் குச்சிகளைப் பிடித்திருக்கும். முன்பு மான்தோல் வார், இப்போது நைலான் மீன்பிடி நரம்பு. கழுத்தைச் சுற்றி முடைந்த தோல் வளையங்களை மேலும் கீழும் தள்ளித்தான் சுருதி சேர்ப்பது. இவற்றுக்குக் கொன்சோ என்று பெயர்.

எது கெடும்? மழைக்காலத்தில் தோல் தளரும், குதிரை அமிழும், எல்லா நரம்பும் ஒன்றாக இறங்கும். அதனால் நிகழ்ச்சிக்கு முன் வெயிலிலோ கணப்புப் பக்கத்திலோ காட்டுவார்கள். வளையம் காய்ந்து வழுக்கினால் பாட்டின் நடுவிலேயே சுருதி போகும். வெளிநாட்டு மேடைக்குப் போகிறவர்கள் பலர் கிதார் முறுக்காணி பொருத்திக்கொள்வது இதனால்தான். சுருதி அமைப்புகள் முக்கியமாக நாலு: சிலாபா, சௌத்தா, தோமோரா, ஹார்தினோ. சிலாபாவிலிருந்து சௌத்தாவுக்குப் போக நாலாம் சுரத்தை மட்டும் ஏற்ற வேண்டும். கர்நாடக இசைக் கணக்கில் சுத்த மத்தியமத்தைப் பிரதி மத்தியமமாக்குவது. வழக்கமான அமைப்பில் அந்தச் சுரம் வரும் நரம்பு இரண்டுதான், ஒவ்வொரு கைக்கும் ஒன்று. எனவே ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் மாற்றிவிடலாம்.

வாசிப்பில் ஓயாமல் சுழலும் அடித்தளம் கும்பெங்கோ. நடுவில் மேலிருந்து கீழே அருவியாய் இறங்கும் வேகச் சங்கதிகள் பிரிமிந்திங்கோ. பாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பல்லவி மாதிரியான பகுதி தொங்கிலோ. புகழ் உட்காரும் இடம் சதாரோ: தாளத்துக்குக் கட்டுப்படாமல், பாதி பேச்சு பாதி பாட்டாக, அவையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கேற்ப வரும் பகுதி. சதாரோ நடக்கும்போது வாத்தியக்காரர் கும்பெங்கோவை விட்டு நகரக் கூடாது. பெயர்ப் பட்டியல் முடியும்வரை தரை மாதிரி அது கிடக்க வேண்டும். இளம் வாசிப்பாளர்கள் அந்த இடத்தில் பிரிமிந்திங்கோவைக் கொட்டிப் பாடகியின் சொற்களை மூழ்கடிப்பார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பது அங்கேதான். பெயர் காதில் விழாத புகழ்ப்பாட்டுக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை.

பிப்ரவரி 6, சற்று பின்னர்

மேலே விட்டுப்போனவை. மாலியில் விழா மேடையில் முன்னே நிற்பது பெரும்பாலும் பெண்: ஜெலிமுசோ. கையில் கரிஞன் என்ற இரும்புக் குழாயை இரும்புக் குச்சியால் உரசித் தாளம் வைத்திருப்பார் ஒருவர். வீரகதை சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'நாமு' என்று ஒருவர் பதில் கொடுப்பார். அது வெறும் தலையாட்டல் கிடையாது. நாமு தாமதமானால் சொல்பவரின் மூச்சும் வேகமும் குலையும்.

பிப்ரவரி 7

'எல்லாப் பாட்டையும் எல்லாருக்கும் பாடுவார்களா?' கூடாது. 'ஜான்ஜோன்' என்ற பழம்பாட்டு சுந்ஜாட்டா காலத்து வீரர் ஃபகோலியோடு சேர்ந்தது. கூருமா, தும்பியா, சிசோக்கோ ஜாமுகள் தங்களை அவர் வழி என்பார்கள். பெரிய காரியம் செய்தவர்தான் அதற்கு எழுந்து ஆட வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. இன்று காசு கொடுத்தால் யாருக்கும் பாடுகிறார்கள் என்ற குறையை அங்கே ஜெலிக் குடும்பத்துப் பெரியவர்களே சொல்கிறார்கள். உங்கள் சந்தேகம் அங்கும் இருக்கிறது. ஆனால் அது தொழிலின் ஒழுங்கு தெரிந்தவர்களின் கோபம்.

பாதுகாப்பு எவ்வளவு கடுமை என்பதற்கு இரண்டு இடங்கள். கினியில் நியாகசோலா கிராமத்தில் சோசோ-பாலா என்ற பாலஃபோன், அதாவது கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம், இருக்கிறது. சுந்ஜாட்டாவிடம் தோற்ற அரசர் சுமாவோரோ காண்டேயின் வாத்தியம் என்பது மரபு. ஒன்றரை மீட்டர் நீளம், 20 மரக்கட்டைகள், அடியில் வரிசையாகச் சுரைக்குடுவைகள். கூயாட்டேக்களின் தொக்காலாக் குடும்பத் தலைவர் பாலாதிகி அதைக் காக்கிறார். குறிப்பிட்ட சடங்கு நாட்களில் தவிர ஒலிக்காது. யுனெஸ்கோ 2001இல் அதை மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது, 2008இல் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டாவது மாலியின் கங்காபாவில் உள்ள கமாப்லோன் வட்டக்குடிசை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கூரை வேய்வார்கள். அப்போது கெலா ஊர் ஜபாட்டேக்கள் கெய்ட்டா வம்சத்தின் வரலாற்றைச் சொல்வார்கள்.

பிப்ரவரி 9

இனி தெற்கு. ஜூலு மக்களின் புகழ்வரிகளான இசிபோங்கோ.

பேச்சுக் குரலை விட மேலான சுருதியில், மிக வேகமாக, இடைவெளியில்லாமல் போகும். பத்தி முடியும் இடத்தில் மட்டும் கடைசிக்கு முந்தைய அசையை நீட்டிக் குரலைக் கீழே இறக்குவார். மூச்சு வாங்குவது அங்கே. கூட்டம் 'முஷோ!' என்று கத்துவதும் அங்கே. யாப்புக் கணக்குக் கிடையாது. வரிகளைக் கோப்பது ஒரே அமைப்பு மீண்டும் வருவதும், ஒரு வரியின் கடைசிச் சொல்லை அடுத்த வரி எடுத்துக்கொள்வதும்தான்.

பத்தி கட்டும் முறை இது. முதலில் ஒரு புகழ்ப்பெயர்: விலங்கு, ஆயுதம், புயல் ஏதாவது. அடுத்து அதை விரிக்கும் அடை. பிறகு நடந்த சம்பவம், ஊர்ப் பெயர், எதிரியின் பெயர். ஜூலு அரசர் ஷாகாவை மற்றக் கோடரிகளைக் கூர்மையில் வென்ற கோடரி என்பது எல்லாரும் அறிந்த வரி. க்வாசுலு-நேட்டாலில் இலெம்பே மாவட்டத்தின் பெயர் அந்த வரியிலிருந்து வந்தது. அடைமொழி மட்டும் சொல்லி எதிரியின் பெயரை விட்டால் பாட்டு வெறும் ஓசை. ஒருவரின் இசிபோங்கோ ஒரே நாளில் எழுதப்படுவதும் கிடையாது. சிறுவயதில் தோழர்கள் வைத்த பெயர், தானே வைத்துக்கொண்டது, சண்டையில் வந்தது என்று சேர்ந்துகொண்டே போகும். இம்போங்கி அவற்றைத் திரட்டி, செதுக்கி, வரிசை கொடுப்பார்.

அச்சில் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷாகாவின் நீண்ட இசிபோங்கோவாக இன்று கிடைப்பது, நேட்டாலில் மாஜிஸ்திரேட்டாக இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பலரிடம் கேட்டு எழுதியவற்றை இணைத்த வடிவம். ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னதாக எடுத்துக்கொண்டு அமைப்பை ஆராய்ந்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

பிப்ரவரி 9, இரவு

'அரசருக்கு மட்டும்தானா?' என்ற கேள்விக்கு இல்லை என்பதே பதில். சாதாரண ஆளுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. கல்யாணத்தில் ஒருவர் தனியாகப் பாய்ந்து கம்பும் கேடயமும் சுழற்றிப் போர்நடனம் ஆடுவார். அதற்கு கியா என்று பெயர். ஆடுபவரின் புகழ்வரிகளைச் சுற்றி நிற்கும் தோழர்கள் கத்துவார்கள். வரி தெரியாவிட்டால் அவர் தோழர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வரிகளில் கஞ்சத்தனம், காதல் தோல்வி, பயந்து ஓடியது எல்லாம் வரும். ஆடுபவர் அதைக் கேட்டுக்கொண்டே ஆடுவார். வீட்டில் மாடு அறுக்கும்போது மாட்டுத்தொழுவத்தில் குடும்பத் தலைவர் முன்னோரின் வரிகளைச் சொல்லி அவர்களை அழைப்பார். அங்கே யாரும் காசு தருவதில்லை. காசுக்காகவே எல்லாம் என்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

லெசோத்தோவில் இதற்கு லித்தோக்கோ என்று பெயர். அங்கே தனக்குத் தானே புகழ்வரி கட்டுவது இளைஞர் சடங்கின் பகுதி. நாட்டை உருவாக்கிய மொஷ்வேஷ்வே, ரமொனஹெங்கின் மந்தையைக் கவர்ந்த பிறகு, அவருடைய தாடியை மழித்த சவரக்கத்தி என்று தன்னைப் பாடிக்கொண்டார். அந்தப் பாட்டிலிருந்து வந்த பெயரே நிலைத்தது.

பிப்ரவரி 10

ஒரு திருத்தம் தேவை, தெற்கு முறைகள் எல்லாம் ஒன்றே என்று வாசகர் ஒருவர் எழுதியதற்கு. ஜூலு அரச இசிபோங்கோவையும் கோசா முறையையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது. ஜூலுவில் மறைந்த அரசர்களின் வரிகள் பெரிதும் மனப்பாடம். வரிசை மாறலாம், வரி மாறக் கூடாது. கோசா இம்போங்கி பெரும்பாலும் அந்த நிமிடத்தில் கட்டுபவர். கூட்டத்தைப் பார்த்து, அன்றைய பிரச்சினையை எடுத்து, தலைவரின் முகத்துக்கு நேரே சொல்வார். முடிந்ததும் 'ந்சின்சிலிலி!' என்று சொல்லி இறங்குவார்.

தலைவரையே கண்டிக்கும் இம்போங்கியின் உரிமை என்றதும் எல்லாரும் நினைப்பது கோசாக் கவிஞர் எஸ்.இ.கே. ம்காயியை (1875–1945). 1925இல் பிரிட்டிஷ் இளவரசர் தென்னாப்பிரிக்கா வந்ததை ஒட்டி அவர் பாடியது வடிவத்தில் சுத்தமான புகழ். பிரிட்டனை விளித்து அது கொடுத்ததையெல்லாம் அடுக்குகிறார்: போதகர், கூடவே புட்டி; விவிலியம், கூடவே பிராந்திப் பீப்பாய். 1938இல் ஹீல்ட்டவுன் பள்ளிக்கு அவர் சிறுத்தைத் தோல் போர்த்து ஈட்டியோடு வந்தபோது மாணவராகக் கேட்டவர்களில் நெல்சன் மண்டேலா ஒருவர். கையை உயர்த்தும்போது ஈட்டி திரைச்சீலைக் கம்பியில் மோதியது. ம்காயி அதையே பொருளாக்கினார்: ஈட்டி ஆப்பிரிக்கா, கம்பி மேற்கு. உடனே பாட்டுக்குள் வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் கட்டுவது என்றால் இதுதான்.

1980களில் டர்பன் டயர் தொழிற்சாலைத் தொழிலாளி ஆல்ஃபிரட் காபுலா இதே வடிவத்தை ஃபோசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கு எடுத்துக்கொண்டார். அரசன் இருந்த இடத்தில் சங்கம். புகழ்ந்துகொண்டே, முந்தைய தலைவர்களைப் போல நீயும் கைவிடாதே என்று எச்சரிக்கிறார். மாண்டே வியாபாரியைப் பற்றிச் சொன்ன அதே விஷயம்: புகழப்படுபவர் மேல் சுமை ஏறுகிறது. 1994 மே 10 அன்று பிரிட்டோரியாவில் மண்டேலா பதவியேற்றபோது இம்போங்கிகள் முழங்கியதை வெறும் அலங்காரம் என்று கடக்க வேண்டாம்.

பிப்ரவரி 12

யொருபா மக்களின் புகழ்வரியான ஓரிக்கி பற்றிச் சுருக்கமாக. நைஜீரியாவின் தென்மேற்கில் புகழ்வரியை முரசே பேசும். டுண்டுன் இடை சிறுத்த முரசு, இரு முகத்திலும் ஆட்டுத்தோல், நடுவே தோல் வார்கள். இடக்கையால் வாரை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வலக்கையில் வளைந்த குச்சி. மொழியில் மூன்று தொனிகள் இருப்பதால் தொனியையும் அசை ஓட்டத்தையும் முரசு அப்படியே பின்பற்றும். ஆனால் உயிரும் மெய்யும் முரசில் வராதே, ஒரே தொனியமைப்பில் பத்துச் சொல் இருக்குமே? அதனால்தான் முரசு தனிச்சொல்லைப் பேசாது, ஊரறிந்த நீண்ட தொடரையே பேசும். ஓரிக்கி தெரியாதவருக்கு முரசு பேசினாலும் கேட்காது. தலைமை முரசு இயாலு, விளிம்பில் சிறு மணிகள் கட்டியது. அரண்மனை வாசலில் யார் நுழைகிறார் என்பதை அவருடைய ஓரிக்கியை அடித்தே உள்ளே தெரிவிப்பார்கள். மரபு முரசுக்காரர்கள் ஆயான் குடும்பத்தினர். பெயரே அப்படித் தொடங்கும்.

பிப்ரவரி 13

காசு விஷயத்தைத் தள்ளிப்போட விருப்பமில்லை.

கொடுப்பது இகழ்ச்சியில்லை என்பது மாண்டே நிலை. வெளிப்படையாக, எல்லாரும் பார்க்க, கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவரின் பெயர் அடுத்த வரியில் வரும். அந்தப் பணம் பாடகி, வாத்தியக்காரர், நாமு சொல்பவர் என்று பிரியும். நைஜீரியாவில் பாடகர் நெற்றியில் நோட்டு ஒட்டுவதும் ஆடும்போது நோட்டை வீசுவதும் வழக்கம். 2007ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கியது: குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது குறைந்தது 50,000 நைரா அபராதம், அல்லது இரண்டும். 2024இல் சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது. சட்டத்தின் கவலை நோட்டு மிதிபடுவது. பாட்டுக்குச் சன்மானம் கொடுப்பதை அது தடுக்கவில்லை. அதனால் இப்போது உறையில் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு.

அதிகாரத்துக்கு வளைந்த புகழ் உண்டா? உண்டு. கினியின் செக்கூ தூரே 1958 முதல் 1984இல் இறக்கும்வரை ஆண்டார். அரசுக் குழுக்கள் அவரைப் பாடின. அதே ஆண்டுகளில் கைதிகள் கோனாக்ரியின் போய்ரோ முகாமில் செத்தார்கள். அவரைப் புகழ்ந்த பாட்டுகளில் இசைச் சிறப்புக் குறைவில்லாதவையும் இருக்கின்றன. எனக்கு அவற்றைக் கேட்பது கடினம். ஆனால் கவனித்துப் பார்த்தால், அங்கே உடைந்தது முன்பு சொன்ன காவல்தான்: கேட்கும் கூட்டத்துக்கு மறுக்கும் உரிமை இல்லை, ஜெலிக்கு வேறு புரவலர் இல்லை. இரண்டும் போனால் இந்தக் கலை முகத்துதியாகிவிடும். கேள்வி கேட்டவர் அஞ்சியது நடக்கக்கூடியதே.

பிப்ரவரி 15

'மொழி தெரியாதவன் எப்படிக் கேட்பது?' என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

மாண்டே பதிவானால், முதல் ஐந்து நிமிடம் வாத்தியத்தின் சுழலும் பகுதியை மட்டும் பிடியுங்கள். எத்தனை அடிக்கு ஒருமுறை திரும்புகிறது என்று எண்ணுங்கள். குரல் அந்தச் சுழலை விட்டு மிதக்கத் தொடங்கும்போது சதாரோ வந்துவிட்டது. அங்கே கெய்ட்டா, ட்ராவோரே, ஜாரா, கூலிபாலி, தூரே என்ற பெயர்கள் காதில் விழும். பெயர் நீளும் இடத்தில் வாத்தியம் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் அனுபவசாலிகள். நெடுநேரம் ஒரே ஜாமு வந்து, திடீரென்று வேறு ஜாமு வந்தால், அவைக்குள் யாரோ நுழைந்திருக்கிறார், அல்லது யாரோ கொடுத்திருக்கிறார்.

இம்போங்கியானால் ஒலிவாங்கி வைத்த பதிவைவிட வெளியில் எடுத்ததைத் தேடுங்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் பலர் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள், நடையும் நின்றுவிடுகிறது. அங்குமிங்கும் நடந்து சொல்வதில்தான் மூச்சின் அளவு தெரியும். பத்தி இறங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் பதில் இறக்கத்துக்கு முன்பே வந்தால், அந்த வரி அவர்களுக்குத் தெரிந்த பழைய வரி. இறங்கிய பிறகு ஒரு கணம் அமைதி, அப்புறம் கூச்சல் என்றால், அன்று புதிதாகக் கட்டியது.